ஒன்பதாம் தெருவில் கசிவு எதுவும் இல்லை

காலை ஆறரை மணிக்கு, ஏழாம் தெரு முனையிலிருந்த டீக்கடையில் பதினான்கு பேர் செய்தித்தாள் படித்தபடி காதின் பின்புறத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க் கோளின் செம்மேட்டுக் குடியிருப்பில் இது அன்றாடக் காட்சி. சொறியாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தால்தான் மற்றவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவர் கையில் இருப்பது ‘நடுநிலை’ நாளிதழ் என்று பொருள்.

செம்மேட்டில் பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் முதல் வயதில் காது குத்துவார்கள். தாய்மாமன் மடியில் அது வீறிட்டு அழும் அதே நொடியில், காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் அரிசியளவு மணி ஒன்றையும் வைத்துவிடுவார்கள். ஒரே அழுகையில் இரண்டு வேலை முடிந்துவிடும். மெய்மணி என்று அதற்குப் பெயர். நம்பகமற்ற இடத்திலிருந்து வரும் செய்தியைக் கண் படித்தாலோ காது கேட்டாலோ மணி இலேசாக அதிரும், அரிப்பெடுக்கும். பூமியில் வதந்தியால் பட்ட பாடு போதும் என்றுதான் முதலில் குடியேறியவர்கள் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். அரிப்பெடுத்தால் மனிதன் படிப்பதை நிறுத்திவிடுவான் என்று நினைத்தார்கள். சொறிந்துகொண்டே படிப்பான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

எந்தப் பத்திரிகை அரிக்கும், எது அரிக்காது என்று முடிவுசெய்வது நம்பகத் தீர்ப்பு மன்றம். மன்றத்தின் பட்டியலில் ‘நடுநிலை’க்கு நூற்றுக்கு நூறு. முப்பது ஆண்டுகளில் அதில் ஒரு தவறான செய்திகூட வந்ததில்லை. ‘நாளை தண்ணீர் வரலாம், வராமலும் போகலாம் எனத் தெரிகிறது’ என்று எழுதுகிற பத்திரிகையில் தவறு எந்த வழியாக வரும்? அதன் விற்பனை நாற்பது பிரதிகள். இன்னொரு நாளிதழான ‘பகீர்’ வாங்கிய மதிப்பெண் சுழியம். பதினோராயிரம் பேர் வாழும் செம்மேட்டில் அது ஒன்பதாயிரம் பிரதி விற்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் சொறிகுச்சி இலவசம்.

அன்றைய ‘பகீர்’ முதல் பக்கத்தில் உள்ளங்கை உயர எழுத்தில் இப்படி இருந்தது: ‘வேகாத பருப்பு! வெளியேறும் உயிர்க்காற்று! ஒன்பதாம் தெருவில் விதவை கதறல்!’

“பருப்பு வேகலையாம்ப்பா,” என்றார் டீக்கடையில் ஒருவர், ஒரு கையால் சொறிந்துகொண்டே. “எங்க வீட்ல பத்து வருஷமா வேகல. எவனாவது தலைப்புப் போட்டானா?”

கடையே சிரித்தது. அந்தப் பதினான்கு பேரில் ஒன்பதாம் தெருவில் குடியிருந்த மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

சிரிக்காதவள் சௌந்தரம் ஒருத்திதான். ஒன்பதாம் தெருவின் கடைசியில் மெஸ் நடத்துபவள். செம்மேட்டில் தெரு என்றால் நிலத்துக்கடியில் போகும் முந்நூறு மீட்டர்க் குழாய். தொடக்கத்தில் ஒரு காற்றுக்கதவு, அதன் பக்கத்தில் காற்றை ஊதும் இயந்திரம், இருபுறமும் நாற்பத்திரண்டு வீடுகள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது செவ்வாய். அங்கே மூச்சுவிட்டுப் பார்த்தவர் யாரும் திரும்பி வந்து எப்படி இருந்தது என்று சொன்னதில்லை.

ஒரு வாரமாகவே மெஸ்ஸில் பருப்பு சரியாக வேகவில்லை. என்றோ ஒரு விசில் பறந்துபோய் மேற்கூரையில் செருகிக்கொண்டதிலிருந்து குடியிருப்பில் குக்கருக்குத் தடை. திறந்த பாத்திரத்தில்தான் வேகவைக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம் ஆன பருப்பு, ஐந்தாம் நாள் மூன்று மணி நேரம் ஆகியும் பல்லில் கடுக்கென்றது. சௌந்தரம் முதலில் பருப்பைத் திட்டினாள், பிறகு அடுப்பை, பிறகு புருஷன் குருபாதத்தை. மூன்றும் பதில் பேசவில்லை. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீர் போதிய சூடு ஏறுமுன்பே கொதித்துவிடும். தளதளக்கும்; பருப்பு அதில் குளிக்கும், வேகாது. அப்படியென்றால் தெருக் கடைசியில் எங்கேயோ காற்று ஒழுகிக்கொண்டிருக்கிறது.

தெருத் தொடக்கத்தில் பழுதுபார்க்கும் இயந்திரன் ஒன்று நின்றது. அந்த வகைக்குப் பேணி என்று பெயர். அதனிடம் போய்ச் சொன்னாள்.

“அழுத்தமானி இயல்பு நிலையைக் காட்டுகிறது,” என்றது பேணி.

“அந்த மானிய ஊதுற மிஷினு வாயிலயே மாட்டி வச்சிருக்கீங்க. நாள் பூரா அது மூஞ்சியில நல்ல காத்துதான் அடிக்குது. அது வேற எப்படிக் காட்டும்? கடைசிக்கு வந்து பாரு.”

“வருவதற்கு நம்பகமான ஆதாரம் தேவை. தனிநபர் வாய்மொழியை ஏற்க விதியில்லை.”

சௌந்தரம் கிண்ணத்தை நீட்டினாள். “இந்தா ஆதாரம். கடிச்சுப் பாரு.”

“நம்பகமான ஊடகங்களின் பட்டியலில் பருப்பு இல்லை.”

‘நடுநிலை’ அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கசிவு இருப்பதாக அதிகாரபூர்வமாக உறுதியானதும் கட்டாயம் வெளியிடுவோம் என்றார் ஆசிரியர். அதிகாரபூர்வமாக உறுதிசெய்ய வேண்டியது யார்? பேணி. பேணி வருவதற்கு என்ன வேண்டும்? ‘நடுநிலை’யில் செய்தி. இதே வட்டத்தை இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டு, மூன்றாவது முறை பாதி வழியில் குருபாதம் நின்றுவிட்டார்.

“சௌந்தரம், அந்த பகீர்காரன்ட்ட போவமா?”

“காது அரிக்குமேங்க.”

“அரிச்சா சொறிஞ்சுக்கலாம். காத்து போச்சுன்னா?”

‘பகீர்’ பத்திரிகைக்கு ஆசிரியர், நிருபர், படக்காரர் எல்லாம் தணிகாசலம் என்ற ஒரே ஆள்தான். அவர் உடனே கிளம்பி வந்தார். மெஸ்ஸின் பின்சுவர் ஓரமாக ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டு நகர்ந்தார். கிரைண்டருக்குப் பின்னால் வந்ததும் புகை நேராக எழும்பாமல் வளைந்து, சுவரில் முடியளவு இருந்த விரிசலுக்குள் சரசரவென்று போயிற்று. பேனாவை வைத்து அளந்தார். ஒன்றரைப் பேனா நீளம். குறித்துக்கொண்டார். இப்படி முழங்காலிட்டு ஒரு செய்தியைத் தேடியவர் செம்மேட்டில் அவர் ஒருவர்தான் என்பதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார்.

“அக்கா, கொஞ்சம் அழ முடியுமா?”

“எதுக்கு?”

“படத்துக்கு.”

“அழுகை வரல தம்பி. ஆத்திரந்தான் வருது.”

“அதுவும் நல்லதுதான். அப்படியே கண்ணைச் சுருக்கிக்கங்க. படத்துல அழுகையாத்தான் விழும்.”

மறுநாள், டீக்கடை சிரித்த அந்தச் செய்தி வந்தது. ஊதுபத்தி, விரிசல், ஒன்றரைப் பேனா எல்லாம் நான்காம் பத்தியில் சரியாக இருந்தன. முதல் மூன்று பத்திகளில் ஒரு விதவை தலைவிரிகோலமாகக் கதறினாள். கரண்டியும் கையுமாக நின்ற குருபாதம் தன் மனைவி விதவையான செய்தியைத் தானே உரக்கப் படித்துக் காட்டினார்.

“ஏன் தம்பி இப்படி?” என்றாள் சௌந்தரம்.

“புருஷன் குத்துக்கல்லு மாதிரி பக்கத்துல நின்னா யாருக்கா பாவப்படுவா?” என்றார் தணிகாசலம்.

ஒன்பதாயிரம் பேர் படித்தார்கள், சொறிந்தார்கள், சிரித்தார்கள். பேணி மட்டும் ஒரு வழி சொன்னது. ‘பகீர்’ நம்பகமான ஆதாரம் அல்ல. அதை நம்பகமானதாக அறிவிக்கும்படி மன்றத்தில் மனுச் செய்யலாம். மன்றம் ஏற்றுக்கொண்டால் அந்த நிமிடமே தான் புறப்பட்டு வருவதாகவும் சொன்னது.

சௌந்தரம் அன்றே மனுக் கொடுத்தாள். மறுநாள் காலை விசாரணைக்குக் கிளம்பும்போது பருப்பு ஐந்து மணி நேரமாக அடுப்பில் இருந்தது. பாத்திரத்தில் போட்டால் இன்னும் சத்தம் வந்தது.

மன்றத்தின் தலைவர் நம்பகச் செம்மல் முனைவர் வித்தியாபதி. அந்தப் பட்டத்தை அவருக்கு வழங்கியது மன்றம். வழங்கிய விழாவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பக்கத்தில் மதிப்பன் என்ற கணிப்பு இயந்திரம். மதிப்பெண் போடுவது அதன் வேலை. அதைத் திருத்துவது செம்மலின் வேலை. ‘செய்தி என்பது யாது’ என்று செம்மல் நாற்பது நிமிடம் பேசினார். செய்தி யாதென்று முடிவாகும் முன்பே சௌந்தரம் எழுந்துவிட்டாள்.

“ஐயா, அங்க காத்து போய்க்கிட்டிருக்கு.”

“அம்மையீர், அதைத்தான் ஆராய்கிறோம். காற்று போகிறது என்பது வேறு. காற்று போகிறது என்ற செய்தி நம்பத்தகுந்ததா என்பது வேறு. இரண்டாவதுதான் இந்த மன்றத்தின் எல்லைக்குள் வருகிறது.” செம்மல் பத்திரிகையை இரு விரல்களால் தூக்கிப் பிடித்தார். “தலைப்பில் மூன்று ஆச்சரியக்குறிகள். மதிப்பன், நம்பகமான செய்தியில் எத்தனை இருக்கலாம்?”

“சுழியம், தலைவரே.”

“கூரை இடிஞ்சு தலையில விழுந்தாலுமா?” என்று கேட்டார் தணிகாசலம்.

“அப்போது ஒரு முற்றுப்புள்ளி போதும்,” என்றார் செம்மல். “அடுத்து. இந்த அம்மையார் விதவை என்று எழுதியிருக்கிறீர். கணவர் உயிருடன் இருக்கிறாரா?”

“இருக்கேங்க,” என்று குருபாதம் கையைத் தூக்கினார்.

“சான்று?”

குருபாதம் யோசித்தார். “நேத்துக்கூட இவகிட்ட திட்டு வாங்கினேங்க.”

“பதிவு செய், மதிப்பன். முக்கியத் தகவல் ஒன்று பொய்.”

“நாலாம் பத்தியப் படிங்கய்யா!” என்றாள் சௌந்தரம். “விரிசல் எங்க இருக்கு, எத்தனை நீளம், எல்லாம் சரியா இருக்கு. ஒரு ஆள விட்டு அளந்து பார்த்தா தெரிஞ்சு போகும்.”

செம்மலின் முகம் சுருங்கியது. “நேரில் போய்ப் பார்ப்பதா? பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டால் அது ஒருதலைப்பட்சம் ஆகிவிடாதா? இந்த மன்றம் நிறுவப்பட்ட நாளிலிருந்து எங்களில் ஒருவரும் எதையும் நேரில் போய்ப் பார்த்ததில்லை.” அதைப் பெருமையுடன் சொன்னார். பிறகு தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார். “உமது பத்திரிகை எடுத்த எதையும் முடித்ததே கிடையாது. போன வெள்ளிக்கிழமை ஐந்தாம் பக்கத்தில், எட்டாம் தெருப் பல் மருத்துவருக்கு இரண்டாவது குடும்பம் என்று எழுதினீர். சனிக்கிழமை, அந்தப் பெண் சாவியைத் தூக்கி எறிந்தாள் என்று எழுதினீர். அப்புறம் என்ன ஆயிற்று? இன்றோடு ஐந்து நாள், ஒரு வரி இல்லை! படிக்கிறவன் நிலைமையை யோசித்தீரா?”

மன்றத்தில் எல்லாரும் செம்மலையே பார்த்தார்கள்.

“ஆய்வுக்காகப் படித்தேன்,” என்றார் செம்மல்.

“ஆய்வு ரொம்பக் காலமா நடக்குது போலய்யா,” என்றாள் சௌந்தரம். “காதுக்குப் பின்னாடி மூணு அடுக்குக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கு.”

பார்வையாளர் வரிசையில் முதலில் ஒரு தும்மல் மாதிரி கிளம்பியது. பிறகு அது சிரிப்பென்று தெரிந்தது. செம்மல் காதைக் கையால் மூடிக்கொண்டு மேசையைத் தட்டினார். தீர்ப்பு அப்போதே வந்தது. ‘பகீர்’ என்றென்றைக்கும் நம்பகமற்றது. மேல்முறையீடு கிடையாது. பொதுமக்களின் மன அமைதியை முன்னிட்டு, ஒன்பதாம் தெருவில் கசிவு இல்லை என்று ‘நடுநிலை’ சிறப்புப் பதிப்பில் மறுப்பு வெளியிட வேண்டும். எல்லாத் தெருக்களிலும் ஒலிபெருக்கியிலும் வாசிக்க வேண்டும்.

“‘இல்லை எனத் தெரிகிறது’ என்று போடலாமா, தலைவரே?” என்று மதிப்பன் கேட்டது. “வழக்கம் அதுதான்.”

“வேண்டாம். ‘இல்லை’. அவ்வளவுதான். உறுதியாக.”

வெளியே வந்ததும் சௌந்தரம் ஒன்பதாம் தெருவை நோக்கி நடந்தாள். கேட்க இனி ஆளில்லை. தெருவில் நாற்பத்திரண்டு வீடு. விரிசல் நேற்றைவிட இன்று நீண்டிருக்கும். வீடு வீடாகக் கதவைத் தட்டி எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியேறுவதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. ஆனால் யார் வருவார்கள்? ஏற்கெனவே மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்திருந்தாள். “போக்கா, அது பகீர்ல வந்ததுதானே,” என்று மூவரும் சொன்னார்கள்.

அவளும் குருபாதமும் ஏழாம் தெருவைத் தாண்டும்போது ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது.

“மக்கள் கவனத்துக்கு. ஒன்பதாம் தெருவில் கசிவு எதுவும் இல்லை. காற்று போதிய அளவு உள்ளது. வதந்திகளை நம்ப வேண்டாம்.”

யாருக்கும் காது அரிக்கவில்லை. நூற்றுக்கு நூறு நம்பகமான செய்தி. டீக்கடையில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையில் கிளாஸுடன் அப்படியே நின்றார்கள்.

“என்னது, இல்லைன்னா சொன்னான்?” என்றார் ஒருவர்.

“இல்லைன்னே சொல்லிட்டான்யா!”

“‘எனத் தெரிகிறது’ கூடப் போடலயே!”

“அப்ப நெசமாவே பெரிசாத்தான் ஏதோ இருக்கு. ஓடு, ஓடு, புள்ளைங்க வீட்ல இருக்கு!”

சௌந்தரமும் குருபாதமும் ஒன்பதாம் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் தெரு அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. பெட்டி, பாய், தண்ணீர்க்குடம், பூச்செடித் தொட்டி, உருளும் நாற்காலியில் ஒரு பெரியவர், அவர் மடியில் சுவர்க்கடிகாரம். “போக்கா” என்று சொன்ன மூவரும் முன்னால் ஓடிவந்தார்கள். “ஏன்க்கா, இவ்ளோ பெரிய விஷயம், முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று அவர்களில் ஒருத்தி சௌந்தரத்தைக் கடிந்துகொண்டே போனாள்.

சௌந்தரத்துக்குப் பின்னாலிருந்து தடதடவென்று ஆறு பேணிகள் வந்தன. முன்னால் வந்தது தெருத் தொடக்கத்தில் நிற்கும் அதே பேணி. நேராக மெஸ்ஸுக்குள் போய், கிரைண்டரைத் தூக்கி ஓரமாக வைத்து, விரிசலைக் கண்டுபிடித்தது. இப்போது அது மூன்று பேனா நீளம். ஆறும் சேர்ந்து கால் மணி நேரத்தில் பசையூற்றி, தகடு வைத்து, சூடேற்றி அடைத்தன. இன்னும் நான்கு மணி நேரம் விட்டிருந்தால் சுவர் பிளந்திருக்கும் என்றது பேணி.

“நான் சொன்னப்ப வரல,” என்றாள் சௌந்தரம். “இப்ப மட்டும் எப்படி வந்தீங்க?”

“இப்போது நம்பகமான ஆதாரம் கிடைத்தது. அதிகாரபூர்வ மறுப்பு.”

“இல்லைன்னுல்ல சொன்னாங்க?”

“ஆம். உறுதியாகச் சொன்னார்கள்.” பேணி கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கியது. “எங்களுக்குப் பயிற்சியளிக்க, பூமியில் இருநூறு ஆண்டுகள் வெளியான நாளிதழ்களைப் படிக்க வைத்தார்கள். அணை பலமாக உள்ளது என்ற செய்திக்கு மறுவாரம் என்ன வந்தது, கையிருப்பு போதிய அளவு உள்ளது என்பதற்கு மறுநாள் என்ன வந்தது, கூட்டணியில் பிளவு இல்லை என்பதற்கு அன்று மாலையே என்ன வந்தது என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டோம். ஒரு செய்தி உண்மை என்பதற்கு, பொறுப்பிலுள்ளவர் அதை மறுப்பதைவிட வலுவான சான்று எங்களுக்கு அகப்படவில்லை.”

“இத முன்னாடியே சொல்லக் கூடாதா? நானே மறுப்பு வாங்கிட்டு வந்திருப்பேனே.”

“நீங்கள் பருப்பைப் பற்றி மட்டுமே கேட்டீர்கள்.”

ஆறு பேணிகளும் வரிசையாகப் போயின. சௌந்தரம் அடைத்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். இன்னும் வெதுவெதுப்பாக, கல் மாதிரி இருந்தது. ஊதுபத்தி கொளுத்திப் பிடித்தாள்; புகை நேராக மேலே எழுந்தது. அடுப்பைப் பற்றவைத்துப் புதிதாகப் பருப்புப் போட்டாள். முக்கால் மணி நேரத்தில் கரண்டி பட்டதும் குழைந்தது. குருபாதம் ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்துவிட்டு, ஒரு வாரத்துக்கப்புறம் முதல்தடவையாகச் சிரித்தார். வெளியே, போனவர்கள் பெட்டி படுக்கையுடன் ஒவ்வொருவராகத் திரும்ப ஆரம்பித்திருந்தார்கள்.

இந்நேரத்தில் நம்பகச் செம்மலுக்குத் தகவல் எட்டியிருந்தது. தாம் மறுத்த கசிவு அடைபட்டுவிட்டது என்று தெரிந்ததும் அவர் சற்றே தடுமாறினார். ஆனால் அடைபட்டதற்குக் காரணம் தமது அறிவிப்பே என்று மதிப்பன் விளக்கியதும் நிமிர்ந்துகொண்டார். மக்களுக்கு இந்த நற்செய்தியைத் தம் வாயாலேயே சொல்ல விரும்பி ஒலிபெருக்கியின் முன் உட்கார்ந்தார்.

“செம்மேட்டு மக்களே! ஒன்பதாம் தெருவின் கசிவு முழுமையாக அடைக்கப்பட்டுவிட்டது. நிலைமை முற்றிலும் கட்டுப்பாட்டில் உள்ளது. இனி யாரும் அச்சப்படத் தேவையில்லை.”

தெருவுக்குள் பாதி வந்துவிட்டவர்கள் அங்கேயே நின்றார்கள். கடிகாரத்தை மடியில் வைத்திருந்த பெரியவர் நாற்காலியைத் திருப்பச் சொன்னார். எல்லாரும் வந்த வழியே விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார்கள்.

சௌந்தரம் கரண்டியைக் கீழே வைத்தாள். அடைத்த சுவரைப் பார்த்தாள். ஒலிபெருக்கியைப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, வெந்த பருப்பைத் தூக்குவாளியில் ஊற்றி மூடினாள்.

“ஏய், எங்க கிளம்புற?” என்றார் குருபாதம். “நீதானே கூட நின்னு பார்த்த? கையால தடவிப் பார்த்தல்ல? ஊதுபத்தி வச்சுப் பார்த்தல்ல?”

“பார்த்தேங்க. எல்லாந்தான் பார்த்தேன்.” அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். “ஆனா பயப்படாதீங்கன்னு அவரு எதுக்குங்க சொல்லணும்?”

குருபாதமும் செருப்பைத் தேடினார்.

காற்றுக்கதவருகே நெரிசலாக இருந்தது. வெளியேறும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் ஆறு பேணிகள் கருவிப்பெட்டிகளுடன் தடதடவென்று உள்ளே வந்துகொண்டிருந்தன.

“வழிவிடுங்கள்,” என்றது முன்னால் வந்த பேணி. “ஒன்பதாம் தெருவில் கசிவு இருப்பதாக நம்பகமான தகவல் வந்துள்ளது.”

“தெரியும்,” என்றாள் சௌந்தரம், தூக்குவாளியை மறுகைக்கு மாற்றி வழிவிட்டபடி. “நானும் அதைத்தான் கேட்டேன்.”